சரியான செய்தி, சாய்ந்த செய்தி

1898 பிப்ரவரி 6 அன்று நியூயார்க் டைம்ஸ் அலுவலகத்தில் யாரோ ஒருவர் ஒரு சின்னக் கூட்டல் கணக்குப் போட்டார். அன்றைய இதழின் எண் 14,499. மறுநாள் இதழுக்காக அதோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். 14,500 என்று போடுவதற்குப் பதில் 15,000 என்று போட்டுவிட்டார். அடுத்த நாள் 15,001, அதற்கடுத்த நாள் 15,002 என்று வண்டி ஓடியது. இரண்டு உலகப் போர்கள் வந்து போயின, மனிதன் நிலவுக்குப் போய்த் திரும்பினான். முதல் பக்கத்தின் உச்சியில் மட்டும் இதழ் எண் 500 கூடுதலாகவே அச்சாகிக்கொண்டிருந்தது. 1999-இல் அங்கே வேலை பார்த்த ஓர் இளம் செய்தி உதவியாளர், இந்த எண் சரிதானா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். 2000 ஜனவரி 1 இதழில்தான் திருத்தம் வந்தது. முந்தைய நாள் எண் 51,753. அன்றைய எண் 51,254.

இந்தப் பிழை எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. தினமும் முதல் பக்கத்தில், அத்தனை வாசகர்கள் கண்முன்னால்தான் இருந்தது. காகிதமும் பென்சிலும் உள்ள யாரும் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அந்த எண்ணால் யாருக்கும் கோபம் வரவில்லை, யாருடைய மானமும் போகவில்லை, யாருடைய கட்சியும் தோற்கவில்லை. அதனால் நூறு வருஷம் யாரும் சந்தேகப்படவில்லை. செய்தியைச் சரிபார்ப்பது பற்றி எழுதுகிறவர்கள் கருவிகள், இணையதளங்கள் என்று தொடங்குவார்கள். எனக்கென்னவோ சிக்கல் அதற்கு முன்பே, எதைச் சரிபார்க்கத் தோன்றுகிறது என்ற இடத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது என்று படுகிறது. பிடிக்காத செய்தி வந்தால் 'இது உண்மையா?' என்று கேட்கிறோம். பிடித்த செய்தி வந்தால் ஃபார்வர்டு பொத்தானைத் தேடுகிறோம்.

'இந்தச் செய்தி உண்மையா?' என்பதே இரண்டு கேள்விகளை ஒரே கயிற்றில் கட்டியதுதான். தகவல் சரியா என்பது ஒன்று. சொன்ன விதம் நேர்மையானதா என்பது இன்னொன்று. ஒரு தப்பான எண்கூட இல்லாத கட்டுரை வாசகரை முழுசாகத் தவறான பக்கம் கொண்டுபோய் விடலாம். எந்தச் சார்பும் இல்லாத அப்பாவிச் செய்தியாளர், பெயரையும் தேதியையும் மாற்றி எழுதித் தொலைக்கலாம். தகவல் பிழை ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும்; விரல் வைத்துக் காட்டிவிடலாம். சாய்வோ வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கும். எதை முதலில் சொன்னார்கள், எந்த வினைச்சொல்லைப் போட்டார்கள், யாரிடம் கேட்காமலே விட்டார்கள் என்று தேட வேண்டும். இரண்டுக்கும் ஒரே கருவி உதவாது.

எளிதான வேலையை முதலில் பார்ப்போம். 1927-இல் நியூயார்க்கர் இதழ், கவிஞர் எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லே பற்றி வெளியிட்ட ஒரு கட்டுரையில் ஏகப்பட்ட பிழைகள். கவிஞரின் தாயார் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார். அந்த இதழின் புகழ்பெற்ற சரிபார்ப்புத் துறை பிறந்தது அதற்குப் பிறகுதான். அவர்களுடைய வேலைமுறையில் மாயம் எதுவும் இல்லை. அச்சுப் படியைக் கையில் வைத்துக்கொண்டு, உறுதி செய்த ஒவ்வொரு சொல்லையும் பென்சிலால் அடித்துக்கொண்டே போவார்கள். அடிபடாமல் நிற்கும் சொல் இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று அர்த்தம்.

இதை யாரும் செய்து பார்க்கலாம். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 'மூன்று ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு 40 சதவீத வரி உயர்வை நகராட்சித் தலைவர் செவ்வாயன்று அறிவித்தார்.' பார்க்க ஒரு தகவல் மாதிரித் தெரிகிறது. பென்சிலோடு உட்கார்ந்தால் ஆறு தகவல்கள் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமைதானா? பேசியவர் தலைவரா, துணைத் தலைவரா? எந்த வரி? 40 சதவீதம் எதிலிருந்து எதற்கு? மூன்று ஆண்டு என்றால் நான்காம் ஆண்டில் இதைவிட அதிகமாக உயர்ந்ததா? கடைசியாக, அறிவித்தாரா, இல்லை யோசனையாக முன்வைத்தாரா?

அந்தக் கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் ஆளைக் கவிழ்க்கிறது. எண்ணில் பிழை வருவதைவிட வினைச்சொல்லில் பிழை வருவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 'பரிந்துரைத்தது' என்று அறிக்கையில் இருப்பது செய்தியில் 'உத்தரவிட்டது' ஆகும். 'விசாரிக்கப்படுகிறார்' என்பது 'சிக்கினார்' ஆகும். 'ஏற்பட வாய்ப்பு உண்டு' என்பது தலைப்புக்கு ஏறும்போது 'ஏற்படும்' ஆகிவிடும். எண்ணைச் சரிபார்க்க எல்லோருக்கும் தோன்றும். வினைச்சொல்லை யாரும் தொடுவதில்லை.

சரி, பெயர், எண், தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தால் நம்பிவிடலாமா? ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் வார இதழில் சரிபார்ப்புக்கென்றே ஏறக்குறைய 60 பேர் கொண்ட தனித் துறை இருந்தது. அந்தத் துறையின் மூக்குக்குக் கீழேயே கிளாஸ் ரெலோட்டியஸ் என்ற நட்சத்திரச் செய்தியாளர் ஆண்டுக்கணக்கில் கதைகளைப் புனைந்து விருதுகளும் வாங்கினார். 2017-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூரைப் பற்றி எழுதினார். ஊர் எல்லையில் மெக்சிகோக்காரர்களை வரவேண்டாம் என்று சொல்லும் பலகை, பக்கத்திலேயே இருண்ட காடு, கடலையே பார்த்திராத நகர நிர்வாகி என்று படம் படமாக விரிந்தது கட்டுரை. அந்த ஊர்க்காரர்கள் இருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அப்படிப் பலகை இல்லை. காடும் இல்லை. நிர்வாகியிடமோ கடற்கரையில் எடுத்த புகைப்படம் இருந்தது. சக செய்தியாளர் ஹுவான் மொரேனோ வேறொரு கட்டுரையில் சந்தேகப்பட்டு, தன் வேலைக்கே ஆபத்து என்று தெரிந்தும் விடாமல் துருவியதால்தான் 2018 டிசம்பரில் எல்லாம் வெளியே வந்தது.

60 பேர் ஏன் கோட்டைவிட்டார்கள்? சரிபார்க்க முடிந்ததைத்தான் அவர்கள் சரிபார்த்தார்கள். ஊரின் பெயரைப் பார்க்கலாம், மக்கள்தொகையைப் பார்க்கலாம். செய்தியாளர் ஒருவர் மட்டுமே சந்தித்த மனிதர் தனியறையில் என்ன சொன்னார் என்பதை எப்படிப் பார்ப்பது? பொய் அங்கே போய் வசதியாகக் குடியேறியது. அதனால் ஒரு கட்டுரையைப் படிக்கும்போது, இதில் எதையெல்லாம் வேறொருவர் போய்ச் சோதிக்க முடியும் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. சோதிக்க முடியாத பகுதிகள் மட்டும் கதைபோல மின்னினால், இடைவேளைக்கு முன்னால் வரும் காட்சி மாதிரி சரியான நேரத்தில் சரியான வசனம் வந்து விழுந்தால், கொஞ்சம் நிதானிக்கலாம். நிஜ மனிதர்கள் அவ்வளவு வாகாகப் பேசுவதில்லை.

அடுத்தது, செய்தி வந்த வழி. ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான் என்ற சேதி ஊர் சுற்றி வருவதற்குள் அவன் காக்கை காக்கையாய் வாந்தி எடுத்தான் என்று ஆன கதை நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதையில் ஒவ்வொரு வாயும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறது. இணையத்தில் அதுகூடத் தேவையில்லை. ஒரு எழுத்தும் மாறாமல் நகலெடுத்தாலே போதும், பொய் கனத்துவிடும். ஏனென்றால் பத்து இடத்தில் ஒரே செய்தி இருந்தால் நாம் பத்து ஆதாரம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

2009 மார்ச்சில் இசையமைப்பாளர் மாரிஸ் ஜார் இறந்தபோது, டப்ளினில் ஒரு கல்லூரி மாணவர் அவர் சொன்னதாக ஓர் அழகான மேற்கோளைத் தானே எழுதி விக்கிப்பீடியாவில் சேர்த்தார். செய்தியாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம். மேற்கோள் பிரிட்டன், இந்தியா, ஆஸ்திரேலியா என்று பல நாட்டுப் பத்திரிகைகளின் அஞ்சலிக் கட்டுரைகளில் ஏறிவிட்டது. கார்டியனும் அதில் சேர்த்தி. மாணவரே மின்னஞ்சல் அனுப்பிச் சொல்லும்வரை, வாரக்கணக்கில், யாருக்கும் தெரியவில்லை. இதில் ஒரு வேடிக்கை: ஆதாரம் இல்லை என்று சொல்லி விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்கள் அந்த வரியைத் திரும்பத் திரும்ப நீக்கியிருந்தார்கள். சம்பளம் வாங்கிய டெஸ்க்குகள் செய்யாததைச் சம்பளமில்லாதவர்கள் செய்தார்கள். அந்தப் பத்திரிகைச் செய்திகளையே ஆதாரமாகக் காட்டி அந்த மேற்கோளை யாராவது மறுபடியும் விக்கிப்பீடியாவில் சேர்த்திருந்தால் வட்டம் பூர்த்தியாகியிருக்கும். அப்புறம் அதைப் பிடுங்குவது கஷ்டம்.

எனவே எத்தனை இடத்தில் வந்திருக்கிறது என்று எண்ணுவதில் பயனில்லை. எல்லாம் எந்த ஊற்றிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று தாவலில் ஒரே ஒரு செய்தி நிறுவனக் குறிப்பிலோ, ஒரு ட்வீட்டிலோ, ஒரு பத்திரிகைக் குறிப்பிலோ போய் நிற்பீர்கள். அங்கே மூல ஆவணம் இருந்தால், அறிக்கையோ தீர்ப்போ, அதைத் திறந்து செய்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. அநேகமாக யாரும் செய்வதில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் செய்த ஒரு சோதனை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், தொழில்முறைச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். எல்லோருக்கும் அறிமுகமில்லாத சில இணையதளங்களைக் காட்டி, இதை நம்பலாமா என்று கேட்டார்கள். வரலாற்றாசிரியர்களும் மாணவர்களும் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்தார்கள். வடிவமைப்பு, மொழிநடை, அடிக்குறிப்புகள், 'எங்களைப் பற்றி' எல்லாம் பார்த்தார்கள். பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. வந்த வேகத்தில் நாலைந்து புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். நிமிடங்களில் விஷயம் தெரிந்துவிட்டது. பக்கவாட்டு வாசிப்பு என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே 'ஊன்றிப் படி' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் சங்கடமான முடிவுதான். ஆனால் யோசித்தால் நியாயம் புரிகிறது. முன்பின் தெரியாத ஒருவர் யோக்கியரா என்று அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும்.

எண்களுக்கு வருவோம். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக் கட்டு ஏற்படும் ஆபத்து இரண்டு மடங்கு. செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. 'இரண்டு மடங்கு' என்பது துளியும் பொய்யில்லை. பழைய மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு அந்த ஆபத்து. புதியதில் 7,000-க்கு இருவர். ஆனால் அந்த 7,000 யாருடைய காதிலும் விழவில்லை. பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்பது மதிப்பீடு. கர்ப்பம் தரித்தாலே ரத்தக் கட்டு ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பது இதில் இன்னொரு கொடுமை. மக்கள் ஆபத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் அடிக்கடி எடுத்துக்காட்டும் சம்பவம் இது. உண்மைத் தகவலால் மட்டுமே நேர்ந்த தீங்கு என்பதால் எனக்கு இது மறப்பதில்லை.

2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தபோதும் இதேதான். இறைச்சியும் சிகரெட்டும் ஒரே அளவு ஆபத்து என்று தலைப்புகள் அலறின. ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது அந்த அறிவிப்பு. வாழ்நாளில் 100 பேரில் ஆறு பேருக்கு வரக்கூடிய இடத்தில் அது ஏறக்குறைய ஏழு பேர் ஆகும், அவ்வளவுதான். சதவீதத்தைப் பார்த்தால் 'எதில்?' என்று கேளுங்கள். 'மடங்கு' என்று பார்த்தால் 'எத்தனையிலிருந்து?' என்று கேளுங்கள்.

படங்களைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். கூகுளிலோ டின்ஐ தளத்திலோ படத்தைப் போட்டுத் தேடினால் பழைய படமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு கதை மட்டும் சொல்கிறேன். வெள்ளம் சூழ்ந்த நெடுஞ்சாலையில் சுறா நீந்தும் படம் ஒன்று 2011-இல் போர்ட்டோ ரிக்கோவில் புயலடித்தபோது சுற்றியது. 2017-இல் ஹூஸ்டன் வெள்ளத்தின்போது அதே சுறா மறுபடியும் வந்தது. தாமஸ் பெஷாக் என்ற புகைப்படக் கலைஞர் தென்னாப்பிரிக்கக் கடலில் எடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டிய சுறா அது. ஒவ்வொரு புயலுக்கும் வந்து வந்து, வெள்ளத்தில் சுறா என்றாலே சிரிப்பு என்றாகிவிட்டது. 2022-இல் ஃபுளோரிடாவைப் புயல் தாக்கியபோது, வீட்டுத் தோட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தில் சுறாவைப் போன்ற பெரிய மீன் துள்ளும் வீடியோ வந்தது. 'திரும்பவுமா?' என்று எல்லோரும் நக்கலடித்தார்கள். ஏபி செய்தி நிறுவனம் மூல வீடியோவின் உள்தகவல்களை, அதாவது கோப்பில் தானாகப் பதிவாகும் நேரம் போன்ற விவரங்களை, சோதித்தது. வீடியோ நிஜம். சந்தேகப்படுவது வேறு, சரிபார்ப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. எல்லாமே பொய் என்று தோளைக் குலுக்குகிறவரும் ஒருவகையில் எதையும் பார்க்காமலே நம்புகிறவர்தான்.

இனி கடினமான வேலை. சாய்வு.

தமிழில் ஓர் அருமையான வசதி உண்டு. 'வந்தான்' என்றால் வந்தான். 'வந்தானாம்' என்றால் நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், பொறுப்பு என்னுடையதல்ல. பேச்சில் இந்த 'ஆம்' எங்கே வர வேண்டும் என்பதில் குழந்தைகூடத் தப்புச் செய்யாது. செய்தித் தமிழில் அதன் வேலையை 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' ஆகியவை பார்க்கின்றன. ஆனால் அவை போடும் உடுப்பு வேறு. ஏதோ அலுவலகக் கோப்பிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும். அப்படி ஒரு வாக்கியம் கண்ணில் பட்டால் நான் 'ஆம்' போட்டு மாற்றிப் படித்துப் பார்ப்பேன். 'இரு தரப்புக்கும் இடையே ரகசியப் பேச்சுவார்த்தை நடந்ததாகக் கூறப்படுகிறது.' ரெண்டு பேரும் ரகசியமாகப் பேசினார்களாம். திண்ணைப் பேச்சு மாதிரிக் கேட்கிறதா? அந்த வாக்கியத்தின் உண்மையான எடை அதுதான்.

ஒருவர் சொன்னதைச் சொல்லும் வினைச்சொற்களைக் கவனியுங்கள். 'கூறினார்' மட்டும்தான் நடுவில் நிற்கும். 'சுட்டிக்காட்டினார்' என்றால் அவர் சொன்னது உண்மை என்று செய்தியாளரும் சேர்ந்து ஒப்புக்கொண்டாகிவிட்டது. இல்லாததை எப்படிச் சுட்டிக்காட்டுவது? 'ஒப்புக்கொண்டார்' என்றால் குற்றம் ஏற்கெனவே நிரூபணம். 'மழுப்பினார்' என்றால் பதில் சொன்னார், ஆனால் எழுதியவருக்குப் பிடிக்கவில்லை. 'அம்பலப்படுத்தினார்', 'கொந்தளித்தார்', 'பாய்ந்தார்' எல்லாம் விமர்சனக் கட்டுரைக்கு உரியவை. ஒரே கூட்டத்தில் பேசிய இரண்டு தலைவர்களில் ஒருவர் 'விளக்கமளித்து' இன்னொருவர் 'ஆவேசப்பட்டிருந்தால்', அந்தப் பத்திரிகை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள அதற்குமேல் படிக்கத் தேவையில்லை.

நம் மொழியில் இன்னொரு தராசும் இருக்கிறது. பணப்பையைப் பறித்ததாகப் பிடிபட்ட இளைஞன் 'ஓடினான், சிக்கினான், கைது செய்யப்பட்டான்'. பல கோடி மோசடிப் புகாரில் மாட்டிய தொழிலதிபர் 'ஆஜரானார், பதிலளித்தார், புறப்பட்டுச் சென்றார்'. இரண்டு பேர் வழக்கிலும் தீர்ப்பு வரவில்லை. 'ஆன்' விகுதியும் 'ஆர்' விகுதியும் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டன. ஆங்கிலத்தில் இந்த வித்தியாசத்துக்கு வழியில்லை. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த பட்டியலில் இது சார்பு என்று வராது. தமிழ் காதுக்கு மட்டும்தான் கேட்கும்.

செய்தவரை மறைக்கும் வாக்கியங்கள் உலகம் முழுக்கப் பொது. 'துப்பாக்கிச் சூட்டில் மூவர் பலி.' சுட்டது யார்? துப்பாக்கி தானாகச் சுட்டுக்கொண்டதா? சில நேரம் யார் சுட்டது என்று நிஜமாகவே தெரிந்திருக்காது. அப்போது இது நேர்மையான வாக்கியம். தெரிந்தும் விட்டிருந்தால்தான் கேள்வி. ஒரே பத்திரிகை ஒரு தரப்பு சுடும்போது 'சுட்டுக் கொன்றது' என்றும், மறு தரப்பு சுடும்போது 'உயிரிழப்பு ஏற்பட்டது' என்றும் எழுதுகிறதா என்று நாலைந்து செய்திகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒரே செய்தியை வைத்து முடிவுகட்ட முடியாது.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க, நானே ஒரு மாதிரிச் செய்தி எழுதியிருக்கிறேன். நிஜ ஆய்வு எதுவும் இதில் இல்லை:

'செல்போனால் இரு மடங்காகும் தூக்கமின்மை: ஆய்வில் அதிர்ச்சி! இரவில் செல்போன் பார்க்கும் இளைஞர்களிடம் தூக்கமின்மை இரு மடங்கு அதிகமாக இருப்பது ஆய்வில் தெரியவந்துள்ளது. இதனால் பெற்றோர் கடும் அச்சத்தில் உள்ளனர். செல்போன் நிறுவனங்கள் வாய் திறக்க மறுத்துவிட்டன. நிபுணர்கள் எச்சரிக்கை விடுத்துள்ளனர்.'

தலைப்பில் 'செல்போனால்' என்று இருக்கிறது. உள்ளே அந்த 'ஆல்' காணோம். போன் பார்ப்பவர்களிடம் தூக்கமின்மை அதிகம் என்றுதான் இருக்கிறது. தூக்கம் வராததால் போனை எடுத்தவர்களாகவும் இருக்கலாமே? இரு மடங்கு என்றால் எத்தனையிலிருந்து என்று இல்லை. ஆய்வை யார் செய்தார்கள், எத்தனை பேரிடம், எங்கே வெளியானது, எதுவும் இல்லை. அச்சத்தில் உள்ள பெற்றோர் எத்தனை பேர்? எழுதியவரின் பக்கத்து மேசைக்காரராகக்கூட இருக்கலாம். 'வாய் திறக்க மறுத்துவிட்டன' என்பது எனக்குப் பிடித்த வரி. மாலை ஆறு மணிக்கு மின்னஞ்சல் அனுப்பி ஏழு மணிக்குப் பக்கத்தை மூடியிருந்தாலும் இதே வாக்கியத்தை எழுதலாம். 'பதில் வரவில்லை' என்பது ஒன்று, 'மறுத்தார்கள்' என்பது வேறு. கடைசியில் பெயரில்லாத நிபுணர்கள், பன்மையில். எல்லாவற்றையும் உரித்த பிறகு மிஞ்சுவது: இரவில் போன் பார்ப்பதற்கும் தூக்கமின்மைக்கும் தொடர்பு இருப்பதாக ஓர் ஆய்வு சொல்கிறதாம்.

எழுதியதில் உள்ள சாய்வைவிட எழுதாததில் உள்ளதுதான் பிடிக்கக் கஷ்டம். இல்லாத பத்தியை யார் பார்க்க முடியும்? ஒரே வழி, அதே நிகழ்வை எதிர்ப்பக்கம் சாயும் இரண்டு பத்திரிகைகளில் படிப்பது. ஒன்றில் மூன்றாம் பத்தியில் இருப்பது இன்னொன்றில் இல்லவே இல்லை என்றால், அங்கே ஒரு கை வேலை செய்திருக்கிறது. அதற்காக இரண்டு பக்கத்துக்கும் சரிபாதி இடம் கொடுத்தால் நடுநிலை ஆகிவிடாது. 2011-இல் பிபிசியின் அறிவியல் செய்திகளை ஆராய்ந்த மரபியலாளர் ஸ்டீவ் ஜோன்ஸ், ஓரத்தில் உள்ள கருத்துகளுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுக்கப்படுகிறது என்றுதான் குறை சொன்னார். ஆராய்ச்சியாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு பக்கமும் ஒரு சிலர் மறுபக்கமும் நிற்கும்போது, மேடையில் ஒருவருக்கு ஒருவர் என்று உட்காரவைப்பதும் ஒரு சாய்வுதான்.

'அது அவங்க பத்திரிகை' என்று தள்ளிவிடுவது நம்மிடம் உள்ள சுலபமான பழக்கம். உரிமையாளர் யார், விளம்பரம் யார் தருகிறார் என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது. எந்தச் செய்தியைக் கூடுதலாகத் துருவ வேண்டும் என்று அது சொல்லும். ஆனால் சார்புள்ள பத்திரிகையும் உண்மையைச் சொல்லலாம். சொன்னவர் யார் என்பதை வைத்தே தகவலை நிராகரித்தால் அது சரிபார்ப்பு ஆகாது. ஒரு பத்திரிகையை எடைபோட நான் பார்ப்பது அதன் திருத்தங்களை. 'தவறுக்கு வருந்துகிறோம்' அடிக்கடி வரும் பத்திரிகையை மக்கள் சந்தேகப்படுகிறார்கள். எனக்கு அதுவே வராத பத்திரிகை மேல்தான் சந்தேகம். 1920-இல் நியூயார்க் டைம்ஸ், வெற்றிடத்தில் ராக்கெட் ஓடாது, இந்தச் சின்ன விஷயம்கூட ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் கோடார்டுக்குத் தெரியவில்லையே என்று தலையங்கத்தில் கேலி செய்தது. அப்போலோ 11 நிலவை நோக்கிக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, பிழைக்கு வருந்துவதாகத் திருத்தம் போட்டது. 49 ஆண்டுகள் தாமதம், கோடார்டு அதற்குள் இறந்தே போயிருந்தார், ஆனாலும் போட்டது. இப்போது இணையத்தில் சத்தமில்லாமல் தலைப்பை மாற்றிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருப்பவர்கள் அதிகம். வேபேக் மெஷின் போன்ற இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய வடிவம் பெரும்பாலும் மாட்டிக்கொண்டிருக்கும்.

கட்டுரையை அப்படியே ஏஐ செயலியில் ஒட்டி 'இதில் சாய்வு இருக்கிறதா?' என்று கேட்கும் பழக்கமும் வந்திருக்கிறது. சொல் தேர்வைச் சுட்ட அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் தகவல் நிஜமா என்பதை அதனிடம் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அப்படி வழக்குகளே நடக்கவில்லை. 5,000 டாலர் அபராதம். அவர்களில் ஒருவர் சரிபார்க்காமல் இல்லை. 'இந்த வழக்கு நிஜமா?' என்று அதே சாட்ஜிபிடியிடம் கேட்டிருந்தார். நிஜம்தான் என்று அது சொன்னது.

கடைசியாக, தராசைப் பிடித்திருக்கும் கை. 1982-இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் சப்ரா, ஷதீலா பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்களும் அரபு ஆதரவாளர்களும் பார்த்தது ஒரே வீடியோ. இது இஸ்ரேலுக்கு எதிராகச் சாய்ந்த செய்தி என்றார்கள் முதல் தரப்பினர். இஸ்ரேலுக்கு ஆதரவாகச் சாய்ந்தது என்றார்கள் இரண்டாம் தரப்பினர். 1985-இல் வெளியான அந்த ஆய்வில் இன்னும் சங்கடமான ஒரு விஷயமும் உண்டு. விவகாரத்தைப் பற்றி அதிகம் தெரிந்த ஆதரவாளர்களுக்குத்தான் சாய்வு அதிகமாகத் தெரிந்தது. ஆக, ஒரு செய்தியில் சார்பு கண்ணைக் குத்துகிறது என்றால் குத்துவது செய்தியாகவும் இருக்கலாம், கண்ணாகவும் இருக்கலாம்.

அதற்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு சின்ன வழி. பெயர்களை இடம் மாற்றிப் படிப்பது. எனக்குப் பிடித்தவர் பெயர் உள்ள இடத்தில் பிடிக்காதவர் பெயரைப் போட்டு, ஒரு சொல்லும் மாற்றாமல், முழுச் செய்தியையும் திரும்பப் படிப்பேன். சமீபத்தில் ஒரு பேட்டிச் செய்தியைப் படித்து, பரவாயில்லையே, ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வழக்கம்போலப் பெயர்களை மாற்றிப் படித்தேன். நாலாவது பத்தியில் 'அம்பலப்படுத்தினார்' என்ற சொல் வந்தது. முதல் தடவை படித்தபோது அது அங்கே இருந்ததே என் கண்ணில் படவில்லை.